தம்பிக்கு ஒரு செட் ஸ்டிரிங்

இன்று வேலை முடிந்து வரும் வழியில், கிட்டாருக்கு ஸ்டிரிங் வாங்கத் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

ஒருவர் புது கிட்டார் ஒன்றை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் வாசிப்பவராம். கடைக்காரரோடு பேச்சுக்கு நடுவே ஜாஸ் கார்ட்ஸுக்கு, பல சுரங்களை ஒன்றாக மீட்டும் வாசிப்புக்கு, போய்விட்டார்.

ஒன்றரை வருடமாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனைப் பார்த்து நான் பழகுவதும் ஜாஸ்தான். மெட்டையும் கார்ட்ஸையும் ஒரே கிட்டாரில் சேர்த்து வாசிப்பேன். அதற்கு இன்னொரு ஆள் வேண்டாம். ஆனால் மெட்டை அந்த நொடியில் நானே உண்டாக்கி வாசிக்க, கூடவே யாராவது கார்ட்ஸ் பிடித்தால்தான் சுகம். அப்படி ஒருவரோடு இதுவரை வாசித்ததே இல்லை.

அவர் பிடித்த ஒவ்வொரு கார்டுக்கும் மேலே என்ன வாசிக்கலாம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு மேல ஒருத்தர் லீடா மெட்டு வாசிச்சா செமயா இருக்கும்ணா" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ வாசிப்பியா?"

"இல்லண்ணா, தம்பிக்கு வாங்க வந்தேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்டிரிங்கை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன்.

"அப்ப தம்பிய அனுப்புங்க சிஸ்டர்" என்றார் கிட்டார் வாசித்தவர். "ஞாயித்துக்கிழமை சர்ச் சர்வீஸ் முடிஞ்சதும் நானும் ஒரு டிரம்மரும் ஜாஸ் வாசிப்போம். லீடுக்குத்தான் ஆளே கிடைக்கல."

பில்லின் பின்னால் நம்பரும் எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தம்பி கிடையாது. வீட்டுக்கு நான் ஒரே பெண்.

ஞாயிற்றுக்கிழமை யாரை அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.