ராத்தாவின் இடது பக்கம்

கொழும்பில் அந்தப் பெரிய டாக்டரின் அறைக்குள் நாங்கள் நாலு பேர் இருந்தோம்: டாக்டர், ஒரு நர்ஸ், எனக்கு மூத்தவளான என் ராத்தா, நான். வாப்பா கதவுவரைக்கும் வந்துவிட்டு, "நீ இங்கிலீஷ் படிச்சவன், நீ போ மகன்" என்று வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். உம்மா சாய்ந்தமருதை விட்டுப் புறப்படவே இல்லை. ராத்தாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அட்டாளைச்சேனையில் வாத்தியாருக்குப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கொழும்புக்கு வந்த விஷயமே அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். பத்து வயதில் ராத்தாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்து பழுத்தது. ஊர் வைத்தியர் ஆழமாகக் கீறினார். உயிர் தப்பியது, ஆனால் அந்தப் பக்கம் பிறகு வளரவில்லை. சட்டைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் வளர்ந்த பெண்ணாக நடமாடியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்த எனக்கே அது தெரியாது. கலியாணம் பேசி வந்தபோது உம்மாவிடம் அவள் ஒரே பிடியாகச் சொன்னாள்:

"மறைச்சு நிக்காஹ் முடிக்க எனக்கு ஏலா. ஒண்டு, இதச் சரிக்கட்டணும். இல்லாட்டி அவங்களுக்குச் செல்லணும்."

சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிடுவார்கள் என்று உம்மா பயந்தார். கல்முனை டாக்டர் ஒருவர் எழுதித் தந்த கடிதத்தோடு மட்டக்களப்பில் ரயில் ஏறினோம்.

பெரிய டாக்டர் யுத்த காலத்தில் இங்கிலாந்தில் இருந்து, தீயில் வெந்த சிப்பாய்களுக்குத் தோலும் சதையும் வைத்துப் பழகியவர். ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பை ஒரு துண்டாக எடுத்து, மார்பின் அடி மடிப்பில் வெட்டி, உள்ளே வைத்துத் தைப்பதுதான் வேலை. பத்து நிமிடம் கதைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "வயித்துல இருந்து எடுத்து அங்க வைப்பாராம், ராத்தா" என்று முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஆனால் ஒரு தம்பி தன் ராத்தாவிடம் சொல்லக் கூடிய சொற்களா அவை?

"அவர் இவ்வளவு நேரம் கதைச்சாரு. நீ ரெண்டு சொல்லுல முடிச்சிட்டாய். மிச்சத்த ஏன்டா முழுங்கிறாய்? வெக்கப்பட வேண்டியவ நான். நானே வெக்கப்படல்ல."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நாத்துப் புடுங்கி நட்டா எல்லாம் வேர் புடிக்காதே. இது புடிக்குமா எண்டு கேளு."

கேட்டேன். டாக்டர் பேனையை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி ராத்தாவை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். இடம் மாறிய கொழுப்புக்குப் புது இடத்தில் இரத்தம் ஓட வேண்டும். ஓடிய அளவு பிழைக்கும், மற்றது கரைந்துபோகும், சில இடத்தில் கல்லுப்போல இறுகியும் நிற்கும். பாதி நின்றாலே தனக்குச் சந்தோஷம், அதனால் முதலில் கொஞ்சம் கூடுதலாக வைப்பதாகச் சொன்னார். எப்படிச் செய்தாலும் வலது பக்கம் போல வராது. கடைசியாக, இது வெறும் உருவம்தான், இதில் பால் சுரக்காது, மற்றப் பக்கம் சுரக்கும், ஒரு பிள்ளைக்கு அது போதும் என்றார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரே வசனத்தில் எங்களை அனுப்பியிருக்கலாம். நாங்களும் நம்பியிருப்போம். தன் கையால் எதுவரை முடியும், எதற்கு மேல் முடியாது என்று ஊர்ப்புறத்துப் பெண் ஒருத்திக்குப் பொறுமையாக விளக்கிய அந்த மனிதரைப் போல நானும் நாளைக்கு எந்தத் தொழில் பார்த்தாலும் இருக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன்.

வெளியே வந்து சொன்னதும் வாப்பா எழும்பிவிட்டார். "கொழுப்பா? எதுட கொழுப்பு? பன்றிட எண்டா இப்பவே நடங்க, ஊருக்குப் போவம்."

ராத்தா முக்காட்டுக்குள் சிரித்தாள். "என்ட வயித்துக் கொழுப்பு வாப்பா. நீங்க போட்ட சோறும் எருமத் தயிரும்தான்."

"அப்ப ஹலால்தான்" என்று வாப்பா திரும்ப உட்கார்ந்தார். "குறைச்சு எடுக்க வேணாம் எண்டு செல்லு."

மூன்று வாரம் வார்டில் கிடந்தாள். வயிற்றுக் காயம்தான் கூடுதலாக நொந்தது. கட்டு அவிழ்த்தபோது இடது பக்கம் வலதைவிடப் பெரிதாக வீங்கி நின்றதாம். உம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு மாதம் மாதமாக வற்றியது. ஓரத்தில் ஒரு கட்டி இறுகியது. அடுத்த முறை போனபோது டாக்டர் தடவிப் பார்த்து, அது செத்துப்போன கொழுப்பு, பயமில்லை என்றார். வேண்டுமானால் இன்னொரு தடவை வைக்கலாம், ஆனால் பெரிய வித்தியாசம் இராது என்றும் சொன்னார்.

"வேணாம்" என்றாள் ராத்தா. "சட்டைக்குள்ள துணி இல்லாம நடக்கன். இது போதும்."

ஆனால் அரைவாசிதான் சரியாகியிருந்தது. ஆகவே சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றாள். உம்மா அழுதும் பார்த்தார், கேட்கவில்லை.

நாள் குறிக்க மாப்பிள்ளையின் தாய் வந்தபோது, ராத்தாவே வந்து பாயில் உட்கார்ந்து சொன்னாள். என்னையும் கூப்பிட்டு, "டாக்டர் செல்லினதெல்லாம் மாமிக்கு நீயே செல்லு" என்றாள். சொன்னேன், பால் சுரக்காது என்பதையும் சேர்த்து. மாமி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். உம்மா நிலத்தையே பார்த்திருந்தார்.

"எனக்கும் ஒரு பக்கம் பால் இறங்கவே இல்ல புள்ள" என்றார் மாமி. "நாலு பேரையும் மத்தப் பக்கத்தாலதான் வளத்தன். உங்கட மாப்பிள்ளையப் பாக்கல்லியா, என்ன குறைச்சல் அவனுக்கு?" பிறகு உம்மாவிடம் திரும்பி, "கொழும்புக்குப் போகக்குள்ள எனக்கும் ஒரு சொல் செல்லியிருக்கலாமே மச்சி. துணைக்கு வந்திருப்பன். நான் இன்னும் கொழும்பு பாத்ததில்ல" என்றார்.

நோன்பு முடிந்ததும் நிக்காஹ் என்று அன்றே முடிவானது.

டாக்டரும் ஆஸ்பத்திரியும் எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. இரண்டு பயணத்துக்கும் பஸ், ரயில், மருதானையில் தங்கிய அறை, சாப்பாடு, கட்டுத்துணி, களிம்பு எல்லாம் சேர்த்து வாப்பாவுக்குச் செலவானது இருநூற்று எழுபத்து மூன்று ரூபாய் ஐம்பது சதம்.