வீடு என்று ஒரு கிரேக்கச் சொல்

போன வாரம் தங்கை மகன் பாளையங்கோட்டையில் புது ஆபீஸ் திறந்தான். "பெரியம்மா, இப்ப இங்கன நல்ல எக்கோசிஸ்டம் இருக்கு"ன்னான். நான் அப்பாவியாக, "எங்கல, ஆத்துலயா?" என்று கேட்டுவைத்தேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சொன்னது கம்பெனி, முதலாளி, கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைப்பதை. அப்படிப் பார்த்தால் தப்பில்லைதான். ஆனால் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுண்டிப்போகும்.

எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குச் சூழ்நிலை மண்டலம் என்று பேர். பல வருஷத்துக்கு முன்னால், சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றோரத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டீச்சர் நான். வேகத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒன்பதாம் வகுப்பை அப்படியே மணலில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேன். "எக்கோ கிரேக்கத்திலிருந்து வந்தது. வீடுன்னு அர்த்தம். ஒரு இங்கிலாந்துத் தாவரவியலார் அதோட சிஸ்டத்தைச் சேர்த்தார். செடி, மீன், கொக்கு மட்டுமில்ல. தண்ணி, மண்ணு, வெயிலு எல்லாம் சேர்ந்த ஒரே வீடு. ஒரு செங்கல்லை உருவினாலும் ஆட்டம் கண்டுரும்" என்றேன். எனக்கே புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்து மணல் லாரி ஒன்று உறுமிக்கொண்டு கரையேறியது. போலீஸ்காரர் கணக்காகக் கையை நீட்டி மறித்தேன்.

"யார் வீட்டுக்குப் போகுது இந்த மணல்?"

டிரைவர் பதறிக் கீழே இறங்கினார். "என்ன டீச்சர் இப்பிடிக் கேக்கிய? உங்க வீட்டுக்குத்தான். அப்பா மாடி எழுப்புதாங்கல்லா!"

அப்பா மாடி கட்டுவது தெரியும். மணல் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டேன். பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டில் சண்டை போட்டேன். "ஏட்டி, ஊரே அள்ளுது. ஆத்துல மணல் வத்தவா போகுது?" என்று அப்பா சாப்பாட்டைப் பிசைந்தார். மறுநாளும் லாரி வந்தது.

அன்று வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடியே, "அந்த மணல் எங்க வீட்டுக்குத்தான் வருது" என்றேன். முன்பெஞ்சில் இருந்த செல்வி எழுந்தாள்.

"முன்னமே தெரியும் டீச்சர். எங்கப்பாதான் லாரியில அள்ளிப் போடுதாவ. நீங்க சங்கடப்படுவியன்னு நாங்க யாரும் சொல்லல."

வகுப்பே தலைகுனிந்திருந்தது, எனக்காக. அவள் வீட்டு அடுப்பும் அந்த மணலில்தான் எரிந்தது என்பதை நான் நடத்திய பாடத்தில் சேர்க்கவே இல்லை.

மாடி எழும்பியது. என் கல்யாணப் பந்தியும் அதில்தான் நடந்தது.

இப்போது அந்த ஆற்றுத் துறையில் மணல் போய்ப் பாறை பல்லிளிக்கிறது. குழிகளில் அமலைச்செடி, அதுதான் ஆகாயத்தாமரை, மண்டிக் கிடக்கிறது. அப்போதெல்லாம் கோடையில் மணலைக் கையால் பறித்தால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, குனிந்து அள்ளிக் குடிப்போம். இன்று அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள்.