நீட்டிப்பு கேட்காத தலைவர்

செய்தி எங்கள் பழைய வார்டு உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நம்ம தலைவர் தனசேகர் காலைல தவறிட்டார்." பதவிக்காலம் முடிந்தும் நாங்கள் கலைக்காமல் வைத்திருக்கும் குழு அது. முடிந்த அன்றே அதிலிருந்து வெளியேறியவர் அவர் ஒருவர்தான்.

காட்டுப்பாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊராட்சிக்கு அவர் ஐந்து ஆண்டுகள் தலைவர். நான் வார்டு உறுப்பினர். அவருடையது இங்கேயே பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து அடுக்குமாடியில் பிளாட் வாங்கியவள். முதல் கூட்டத்தில் நான் தீர்மானத்தை வாசித்ததும், "இன்னா மேடம், நியூஸ் வாசிக்கிற மாரியே கீது" என்றார். கோபம்தான் வந்தது. கூட்டம் முடிவதற்குள் நானும் சிரித்துவிட்டேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு பெரிய சண்டை. கொரோனா இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டது, பதவிக்காலத்தை நீட்டித்துக் கொடுங்கள் என்று சுற்றுவட்டாரத் தலைவர்கள் ஒரு மனு தயாரித்துக் கொண்டுவந்தார்கள். என் தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாய் அப்போது பாதியில் நின்றது. நாங்கள் இறங்கினால் எங்கள் இடத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் வருவார். வேலை என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன்.

"ஜனங்க அஞ்சு வருசத்துக்குதான் மேடம் ஓட்டு போட்டாங்க. மேல ரெண்டு வருசம் நாமளே எழுதிக்கினா அது கள்ள ஓட்டு."

"அப்ப என் தெருவுக்குத் தண்ணி?"

"வாங்கித் தரேன். அதுக்கு நாற்காலி இன்னாத்துக்கு?"

வறட்டுக் கௌரவம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. மனு எடுபடவில்லை, அவர் ஒருவர் கையெழுத்தால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் திட்டு அவருக்குத்தான் விழுந்தது.

பதவி முடிந்த மறுநாள், ரேஷன் கார்டுக்கு முகவரிக் கடிதம் கேட்டு ஒரு பெண் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பழக்கதோஷத்தில் 'தலைவர்' என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். அவள் போன பிறகுதான் உறைத்திருக்கிறது. ஸ்கூட்டரில் வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப் வரை துரத்திப் போய், "யம்மா, அது செல்லாத கையெழுத்து" என்று காகிதத்தைத் திரும்ப வாங்கி, அவளைத் தனி அலுவலரிடம் தானே அழைத்துப் போனார். எங்கள் ஊரில் பலருக்கு இந்தக் கதை தெரியும். அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் என் கோபம் போய்விட்டது.

அதன்பின் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள் வரும்போதெல்லாம் என் தெருவுக்காகப் போய் வரிசையில் நின்றார். முன்னாள் தலைவர் என்று சொன்னால் நேரே உள்ளே விடுவார்களே என்றேன். "வுடுவாங்க மேடம். பின்னால நிக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றார்.

ஐந்து மாதத்தில் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். "மன்னிச்சிருங்க தலைவரே" என்றேன். "தலைவர்லாம் முடிஞ்சிச்சி மேடம். சேகர்னு கூப்புடுங்க." கடைசிவரை எனக்கு அது வாயில் வரவில்லை.

இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். இந்த மாதத்தோடு காலம் முடிகிறது. "தேர்தல் எதுக்கு, நீங்களே இருங்க" என்கிறார்கள் எல்லோரும். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். மொட்டைமாடி வேலை பாதியில் கிடக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அவர் காரியம் முடிந்த மறுநாள் தேர்தல் அறிவிப்பை எழுதி லிப்ட் பக்கத்தில் ஒட்டினேன். இதுவரை இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று என்னுடையது.