இரண்டரை நாளும் ஒரு பாத்துக்கலாமும்

பதினெட்டு வருடங்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கார் ஓட்டப் பழக்கியவர், தன் வீட்டுக்காரரை மட்டும் ஒரு ரயிலில் ஏற்ற முடியாமல் ஒரு வாரமாகத் திணறிக்கொண்டிருந்தார்.

டிரைவிங் ஸ்கூலில் நேரில் பார்த்தால் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் போதும், வாய் "பாத்து! பாத்து!" என்று சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கால் வண்டியை நிறுத்தியிருக்கும். வாடகை வண்டியில் பின் சீட்டில் போனாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. "வண்டியில ஓட்டை விழுந்துடப் போகுது, காலை எடு" என்பார் வீட்டுக்காரர்.

அவருக்குக் கண்ணாடிக் கடை. "இதுல நல்லா தெரியுதா, முன்னாடி போட்டதுலயா?" என்று லென்ஸை மாற்றி மாற்றி மாட்டுவார். வந்தவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றாலும் கண்ணாடிக்காரர் அவசரப்பட மாட்டார். வீட்டில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பாத்துக்கலாம்." வீடு மாறும்போதும் அதையேதான் சொன்னார். லாரி பிடித்தது அக்கா.

ராஜா ஊர் விஷயத்திலும் அதே கதை. வடக்கே, குன்றின் மேல் கோட்டையும் அடிவாரத்தில் பழைய கடைத்தெருவுமாக இருக்கும் நகரத்துக்கு அக்கா வைத்த பெயர் அது. லைசென்ஸ் ஆபீஸ் சுவரில் அந்தக் கோட்டையின் படம் மாட்டியிருக்கிறது. மாணவர்கள் ஓட்டிக் காட்டிவிட்டு வரும்வரை அக்காவுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. வருடக்கணக்கில் பார்த்து, மதிலில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்பது வரை அத்துப்படி.

இந்தத் தடவை போயே தீருவது என்று இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மதியம் ரயிலேறித் திரும்புவது. கோட்டை, அரண்மனை, மியூசியம், படிக்கிணறு, கடைத்தெரு எல்லாம் கட்டம் போட்ட தாளில் ஏறி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டன. வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் நின்று படித்தார். தண்ணீர் குடித்தார். போய்விட்டார்.

டிக்கெட் போடுகிறவர், இன்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் சீட்டுப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அக்கா போன் போட்டார்.

"அம்மா, அப்பா பாத்துக்கலாம்னா வரலைன்னு அர்த்தம்."

"எனக்கா தெரியாது? கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த பாஷையிலதான் குடித்தனம்."

"அப்ப தனியா போயிட்டு வாயேன்."

"அவ்வளவு உசரம் ஏறி நின்னு நான் யார்கிட்டடி பேசுறது? வாட்ச்மேன்கிட்டயா?"

போனை வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து தாளை உரித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். கண்ணாடி வாங்க வந்தவர் யாரும் இல்லை, அவர் மட்டும்தான். கண் பரிசோதனை நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நேராவே கேக்குறேன். வர்றீங்களா, இல்லையா?"

"பாத்து..."

"அந்த வார்த்தை வேண்டாம்."

கண்ணாடிக்காரர் சிரித்தார். துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "சரி, ஒண்ணு சொல்லு. போன தடவை லைட்ஹவுஸ் போனோமே, டிக்கெட் கவுன்டர்ல என்ன இருந்துச்சு?"

"கூட்டம் இருந்துச்சு. வலது பக்க வரிசை வேகமா நகர்ந்துச்சு. அதுல நின்னோம்."

"மெஷின் மேல ஒரு பூனை தூங்கிட்டிருந்துச்சு. அந்த ஆளு அதை எழுப்பாம, கையை வளைச்சு வளைச்சு டிக்கெட் எடுத்துக் குடுத்தாரு. உன்கிட்ட காட்டலாம்னு திரும்புறேன், நீ 'அடுத்தது, அடுத்தது'ன்னு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்ட."

அக்கா அசரவில்லை. "நான் வரிசையைப் பாக்கலைன்னா நீங்க கேட்டுக்கு வெளியவே நின்னு வேற ஏதாவது பூனையைப் பாத்துட்டுத் திரும்பியிருப்பீங்க."

"அதுவும் சரிதான்" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். "பூனை எனக்கு நம்ம தெருவுலயே கிடைக்கும். உன்கூட சேர்ந்து பாக்குறதுக்குத்தான் டூர் போகணும். நீதான் நிக்க மாட்டேங்கிறியே."

 

இதற்கு அக்காவின் கைவசம் ஒரு வித்தை இருந்தது. பயிற்சியின் கடைசி நாளில் அக்கா காலை மடக்கி சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்வார். அன்றைக்கு பிரேக் பழகுகிறவருடையது மட்டும். இத்தனை வருடத்தில் எவரும் சுவரில் மோதியதில்லை. ஒருவர் குப்பைத்தொட்டியைச் சாய்த்தார், அவ்வளவுதான்.

தாளை எடுத்து மேசையில் விரித்தார். சனிக்கிழமை மதியத்துக்குக் கீழே இருந்த மியூசியத்தையும் படிக்கிணற்றையும் கடைத்தெருவையும் ஒரே இழுப்பில் அடித்தார். பக்கத்திலேயே புதிதாக ஒரு காலிக் கட்டம் போட்டார்.

"சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ராத்திரி வரைக்கும் வண்டி உங்க கையில. பூனை, நாய், எது முன்னாடி வேணா நிக்கலாம்."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்லுவேன். பிரேக் போட மாட்டேன்."

"அப்ப கோட்டையும்..."

"கோட்டையில கை வைக்காதீங்க. காலையில கதவைத் திறக்கும்போது நாம வாசல்ல நிக்கணும். வெயில் ஏறினா உங்க முட்டி தாங்காது. அப்புறம் என்னைத்தான் தூக்கச் சொல்லுவீங்க."

கண்ணாடிக்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பேனா கேட்டு வாங்கி, பரிசோதனைப் பலகையின் கடைசி வரிபோலப் பொடி எழுத்தில், காலிக் கட்டத்துக்குள் நிதானமாக எழுதினார்: பாத்துக்கலாம்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்தார். பேச்சில் பிடி கொடுக்காமல் நழுவும் சொல், இப்போது கட்டத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"கண்ணைச் சுருக்குற. எழுத்து தெரியலையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியுது. முதல்ல டிக்கெட்" என்று அக்கா அங்கேயே போனை எடுத்தார். "ரெண்டு போடுங்க. ஆமாங்க, ரெண்டு பேர். ஒண்ணு ஜன்னல் பக்கம், அவருக்கு."

ரயில் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு. கடைக் கதவில் 'திங்களன்று திறக்கப்படும்' என்ற அட்டை தொங்குகிறது. அலாரம் நாலரைக்கு, வைத்தது அக்கா.