மலைப்பாதையில் நின்ற இடங்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் என் ஞாயிற்றுக்கிழமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மற்ற ஆறு நாளும் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா வீட்டில் முழங்காலில் நின்று நிலம் துடைக்கிறவளுக்கு ஏழாம் நாளின் அருமை தெரியும். அன்று காலையில் மொந்தே பெல்லெகிரீனோ மலைக்குப் போய்விடுவேன். உச்சிக்குக் கிட்டே ஒரு குகைக்கோயிலில் அந்த ஊரின் புனிதை இருக்கிறாள். நான் சைவக்காரி. ஆனால் எந்தச் சாமி என்றாலும் மலையில் போய் இருந்துகொண்டால், ஏறிப்போய்க் கும்பிட வேண்டியது நம்முடைய பாடு. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் முழுவதும் வெறுங்காலோடு அந்தக் கல் பாவிய பாதையில் ஏறும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மலையை இயற்கைக் காப்பகமாக அறிவித்து, பச்சைச் சட்டை போட்ட வனக்காவலர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் ஒருவர், மெலிந்த உயரமான மனிதர், ஞாயிறு காலையில் அடிவாரத்தில் ஒரு பலகையோடு நிற்பார். மரம், பறவை, பழைய கதை எல்லாம் விளக்கிக்கொண்டு இலவசமாக மேலே கூட்டிப்போவாராம். பலெர்மோக்காரருக்கு ஞாயிறு என்றால் மதியச் சாப்பாடுதான். யார் போவார்கள்?

ஒரு நாள் நான் தண்ணீர் குடிக்க நின்றபோது அவர் கேட்டார்: "சிஞ்ஞோரா, நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஏறுகிறீர்கள். இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது பார்த்ததுண்டா?"

"ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முழங்கால் நோகிறது. பார்ப்பதற்கு நேரம் எங்கே?" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, மனதில் கிடந்ததைக் கொட்டினார். அடுத்த ஞாயிறு மேலதிகாரி நேரில் பார்க்க வருகிறார். அன்றைக்கும் ஆள் சேராவிட்டால் இந்த நடையையே நிறுத்திவிட்டு இவரை அலுவலகத்தில் கடதாசி அடுக்க விட்டுவிடுவார்கள். "நான் கதவுக்குள் இருக்கப் பிறந்தவனில்லை" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைவிடச் சட்டென்று இரக்கம் வந்து தொலைக்கும். ஆள் பிடித்துத் தருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

எங்களிடம் செய்தி பரவ வேண்டுமானால் மன்னார் அக்காவின் காதில் போட்டால் போதும். பக்கத்து ஊரான பகேரியாவில் வேலை செய்கிறவர், ரயிலில் ஏறும்போது ஒருவரிடம் சொன்னால் இறங்கும்போது பலெர்மோ முழுக்கத் தெரிந்திருக்கும். நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, வாற ஞாயிறு ஒருத்தர் எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறாராம். இடைக்கிடை நிப்பாட்டி நிப்பாட்டி விளக்கம் சொல்லுவாராம்."

"அட, நல்ல விசயமெல்லே. எல்லாரையும் வரச்சொல்லுறன்" என்றார் அக்கா.

சொன்னபடியே சனம் வந்தது. அடிவாரத்தில் நாற்பது பேருக்குக் குறையாது. எல்லோரும் வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, காலில் ஒன்றுமில்லை. முன்னால் இரண்டு பேர் ஆளுயர மரச்சிலுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கழுத்தில் தொலைநோக்கியோடு நின்ற வனக்காவலர் சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எதற்கு?" என்று மெல்லக் கேட்டார். எனக்கும் தெரியாது. "எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் கொண்டுபோவார்கள்" என்று அடித்துவிட்டேன். நரைத்த தலையோடு அவருடைய மேலதிகாரி கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

முதல் வளைவில் வனக்காவலர் எல்லோரையும் நிறுத்தி, இந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலுக்குள் கிடந்தது என்றார். நான் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, சனம் முழுவதும் தொப்பென்று முழங்காலில் விழுந்தது. களைத்துப்போனார்களாக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது இடத்தில் ஏதோ பூவைக் காட்டினார். மறுபடியும் முழங்கால். மூன்றாவதில் அவர் பாறை முகட்டைக் காட்டி, அங்கே வல்லூறு ஒன்று கூடு கட்டியிருக்கிறது என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார்கள். பின்னால் யாரோ ஒப்பாரி போல ஒரு பாட்டைத் தொடங்கினார்கள்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"மூண்டாம் தலம், பிள்ளை. ஆண்டவர் முதல்தரம் விழுந்த இடம். நீ ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்? முழங்காலைப் போடு."

"அது வல்லூறு அக்கா! கூடு கட்டியிருக்காம்!"

"தபசு காலத்தில மலையில ஏத்தி, இடைக்கிடை நிப்பாட்டினால் சிலுவைப்பாதை இல்லாமல் வேற என்ன? நீதானே விளக்கம் சொல்லுவார் எண்டனீ."

ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்து, இடத்துக்கிடம் நின்று செபிக்கிற நடை என்றுதான் அக்கா பலெர்மோ முழுக்கச் சொல்லிவிட்டிருக்கிறார். இது சிலுவைப்பாதை இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். சொல்கிறவள் சைவக்காரி, யார் காதில் வாங்குவார்கள்? முழங்காலைப் போடவும் மாட்டேன் என்று நின்றேன். ஆறு நாள் போட்டது எனக்குப் போதும். மேலதிகாரி என் பக்கத்தில் வந்து, "இவர்களுக்கு ஏதாவது விளங்குகிறதா? ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லையே" என்றார். "எல்லாம் விளங்குகிறது" என்றேன். வனக்காவலரின் குரல் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிக்கொண்டே போனது. அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அக்காவைப் பார்க்க ஆத்திரம் வந்தது.

ஐந்தாவது இடத்தில் அவர் ஒரு பற்றைச் செடிக்குப் பக்கத்தில் நின்றார். பாதி மடங்கிய முழங்கால்கள் அப்படியே நிமிர்ந்தன.

"எடியே, வடலி!" என்று ஒருத்தி கூவினாள்.

செபம் போன இடம் தெரியவில்லை. சிலுவையைப் பாறையில் சாய்த்துவிட்டு எல்லோரும், ஊரில் வடலி என்கிற இளம்பனை போலவே நின்ற அந்தக் குட்டைப் பனையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆர் நட்டது? இது எப்ப பெரிய பனையாகும்? நுங்கு வருமோ? இது இந்த மண்ணில் தானாக முளைக்கிறது, இவ்வளவுதான் வளரும், முன்பு இதில் விளக்குமாறும் கயிறும் செய்தார்கள் என்றார் அவர். "சாகுமட்டும் வடலிதானோ?" என்று ஒருவர் நம்பாமல் கேட்டார். தண்ணீர் ஊற்றாததால்தான் இப்படிக் கட்டையாய் நிற்கிறது என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். குருத்தோலை ஞாயிறுக்கு உதவும் என்று ஒரு கை நீள, வனக்காவலர் "இல்லை!" என்று கத்தினார். "தொட்டால் குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோவினமாம்" என்று நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து மொழிபெயர்த்தேன். பொலிஸ் கந்தோரின் பெயரைக் கேட்டதும் கை திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு வனக்காவலர் உற்சாகத்தில் பறந்தார். இந்தப் பாதையே கொள்ளைநோய் போன நன்றிக்காக நகரத்தார் போட்டது என்று சொன்னபோது, "அப்ப நேர்த்திப் பாதை எண்டு சொல்லுங்கோ" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் கேள்வி கேட்டு முடிந்ததும் முழங்காலில் நிற்க மறக்கவில்லை.

குகைக்கோயிலுக்குச் சற்றுக் கீழே, "ஏழாவது இடம், இத்தோடு முடிந்தது, நன்றி" என்றார். ஒருவரும் அசையவில்லை.

அக்கா என் கையைப் பிடித்தார். "ஏழுதானே ஆச்சு. மிச்ச ஏழும் எங்கையாம்? கேள்."

"பேசாமல் இருங்கோ அக்கா."

"என்ன கேட்கிறார்?" என்றார் மேலதிகாரி.

இனி ஒளிக்க வழியில்லை. தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் இதைச் சிலுவைப்பாதை என்று நினைத்துவிட்டார்கள், அதில் பதினான்கு இடம் உண்டு, பாதியில் விட்டால் எப்படி என்று கேட்கிறார்கள் என்றேன். வனக்காவலர் கண்ணை மூடிக்கொண்டார். மேலதிகாரி சிலுவையைப் பார்த்தார், புழுதி படிந்த முழங்கால்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எத்தனையோ மலைகளில் நான் ஆட்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். எப்போது முடியும் என்றுதான் கேட்பார்கள். இன்னும் வேண்டும் என்று சொல்வதை இன்றைக்குத்தான் கேட்கிறேன்." வனக்காவலரின் முதுகில் தட்டினார். "வருகிற ஞாயிறுக்குள் மிச்ச ஏழு இடத்தையும் கண்டுபிடி."

பாவம், அவர் கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு ஆட்டுக் காலடி ஒன்றுக்கு நின்றோம், எறும்புப் புற்று ஒன்றுக்கு நின்றோம், வற்றிப்போன ஊற்றுக்கும் நின்றோம். எல்லாவற்றுக்கும் கேள்வி வந்தது, எல்லா இடத்திலும் முழங்கால் மடங்கியது. கடைசியில் குகைவாசலுக்கு வந்ததும் அவர் என் காதோடு சொன்னார்: "பதினாலாவதுக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. என்ன சொல்வது?"

அக்காவிடம் கேட்டேன். "அது ஆண்டவரைக் கல்லறையில வைச்ச தலம், பிள்ளை. அங்கை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சும்மா நிண்டால் காணும்."

சும்மா நின்றால் போதுமாம் என்று நான் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் நின்றார். எனக்கு என்ன வந்ததோ, நானும் முழங்காலைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து வல்லூறு எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவரும்தான்.