எந்த ஊர்க்காரி

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பாடாலூரிலிருந்து வந்தவள் பாடாலூர்க்காரி. உடையார்பாளையத்திலிருந்து வந்தவள் உடையார்பாளையத்தாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பிறந்த வீட்டோடு நின்றுவிடும். பிறந்த ஊரின் பெயர்தான் புடவை முடிச்சு மாதிரி கூடவே வரும். இது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது விளங்காது.

வெள்ளைக்காரன் போன புதிதில், தேசப்படத்தில் ஊர்ப்பெயர்களைச் சரிபார்த்து எழுத ஒரு வாரியம் போட்டார்கள். அதன் சார்பாகப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுற்றியவர்கள் நாங்கள் மூன்று பேர். தலைவர் ரெவின்யூவில் ரிடையர் ஆனவர். அடுத்தவர் தமிழ் வாத்தியார். மூன்றாவது நான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் வந்தவருடைய ஊர், உறவு, வாய்க்கால் தகராறு எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். யாரோ அதைப் போய்ச் சொல்ல, என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

தலைவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வாத்தியார் இல்லாத பழம்பெயரை நைசாகச் செருகிவிடுவார் என்று சந்தேகம். நான் வாடிக்கைக்காரனுக்குச் சாதகம் செய்துவிடுவேன் என்று சந்தேகம். அதனால் விசாரிக்கிற ஊரில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தார். "இன்னைக்கு மோர் குடிப்பே. நாளைக்கு மோர் குடுத்தவன் அப்பன் பேர ஊருக்கு வைப்பே" என்பார். கட்டுச்சோறும் கூஜாத் தண்ணீரும் வண்டியிலேயே வரும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே, கரிசல் மேட்டில் சில கூரை வீடுகள். வீட்டுக்காரர்கள் அதை 'நம்ம ஊரு' என்பார்கள். அவ்வளவுதான். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்தான் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். திருட்டு என்ற சொல்லில் தொடங்குகிற பெயர். எந்தக் காலத்திலோ யாருடைய களத்திலோ நெல் காணாமல் போனதாம். எவன் களம், எடுத்தவன் எவன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை முழுதாக நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதக்கூடாது என்பதற்காகத்தானே அந்த மேட்டிலிருந்து ஒரு அம்மாள் என் கடைக்கு வந்தது.

சந்தைக்குக் கொத்தமல்லி விற்க வருகிறவள். கூடையை இறக்காமலே நின்று பேசினாள்.

"அண்ணே, படத்துல ஊருப்பேரு எழுதுறது நீங்கதானாமே?"

"நான் மட்டும் இல்லம்மா. மூணு பேரு."

"எம் பொண்ண அரியலூர்ப் பக்கம் குடுத்துருக்கேன். கெணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனாலும், களைவெட்டப் போனாலும் மாமியாக்காரி அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுறாளாம். தெருவுல ஒரு சொம்பக் காணோம்னா எல்லாரும் எம் புள்ள மொகத்தத்தான் பாக்குறாங்களாம். நீங்களும் படத்துல அதையே எழுதிட்டீங்கன்னா, அவ சாவுற மட்டும் அதான். தெருச்சண்டைன்னா இல்லன்னு வாதாடலாம். சர்க்கார்கிட்ட வாதாட முடியுங்களா?"

பார்க்கலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையில், 'நீயும் அந்தப் பேரச் சொல்லுற கூட்டம்தானே' என்பது தெரிந்தது.

மேட்டுக்குப் போனோம். தலைவர் ஒவ்வொருவராக வண்டிக்குப் பின்னால் அழைத்துத் தனியாகக் கேட்டார். ஒருவர் நல்லூர் என்றார். அடுத்தவர் பொன்மேடு என்றார். இன்னொருவர் கொஞ்சம் யோசித்து, தன் குலசாமி பெயரைச் சொல்லி அதோடு 'புரம்' என்று சேர்த்தார். பாவம், நல்ல பெயர் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தவர்கள், எந்த நல்ல பெயர் என்று பேசி வைக்கவில்லை.

விசாரணை முடிந்ததும் நுங்கு சீவிக் கொண்டுவந்து நீட்டினார்கள். தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். கூட்டத்தில் ஒருவர் பளிச்சென்று சொன்னார்:

"ஏங்க, நுங்கு எங்க மரத்துல வெட்டுனதுதாங்க. எவன் மரத்துலயும் ஏறல."

இன்னொரு குரல், "போலீசுக்காரங்கதான் வேட்டி கட்டிட்டு வந்துருக்காங்க. சோறு தின்னா அப்பறம் எப்படி அடிப்பாங்க?" என்றது. யாரும் சிரிக்கவில்லை.

அக்கம்பக்கத்து ஊர்களில் விசாரித்தால் எல்லோரும் அதே கெட்ட பெயரைத்தான் சொன்னார்கள். வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை.

"சார், நாமளே ஒரு நல்ல பேரா வச்சிடலாமே."

"பேரு வைக்க நாம என்ன அவங்க தாய்மாமனா? இருக்குற பேர எழுதத்தான்யா வந்தோம். உள்ளூர்க்காரன் ஒசத்திச் சொல்லுவான், பக்கத்து ஊர்க்காரன் பகையில சொல்லுவான். ரெண்டையும் நம்பாதே. அந்த ஊரு பொண்ணு எங்க வாக்கப்பட்டிருக்குன்னு பாரு. மாமியார் அவள எப்படிக் கூப்புடுறாளோ, அதான் பேரு. மருமக ஊர ஒசத்திச் சொல்ல எந்த மாமியாருக்கும் அவசியம் இல்ல."

தகராறான பெயர் எதுவானாலும் கடைசியில் அவர் இதைத்தான் செய்வார். அந்த மேட்டிலிருந்து வெளியூருக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு பெண்ணைத்தான், அந்தக் கொத்தமல்லி அம்மாளின் மகளை.

கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் அரியலூர் போய், அங்கிருந்து வண்டி பிடித்தோம். மாமியார் வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் இடுப்பில் குடத்தோடு அப்போதுதான் வந்தாள். தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த வூட்டு மருமக எந்த ஊருக்காரிம்மா?"

மாமியாரின் கை நின்றது. "எதுக்குக் கேக்குறீங்க?"

பதில் வாங்குவதற்கு முன்னால் காரணம் சொல்லக்கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. "கேட்டதுக்குச் சொல்லும்மா."

"ஒக்காருங்க. மோர் சாப்புடுங்க."

"வேண்டாம்."

அந்த வேண்டாம்தான் கெடுத்தது. எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "போலீசு டேசன்லேர்ந்து வந்துருக்காங்க போல. மோர்கூடத் தொட மாட்டேங்குறாங்க" என்று ஒருத்தி சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது. "எதக் காணுமாம்?" என்றாள் இன்னொருத்தி. குடத்தை இறக்கவும் தோன்றாமல் அந்தப் பெண் நின்றாள். தண்ணீர் தளும்பிப் புடவையை நனைத்தது. அன்றே அவளைப் பெட்டியோடு மேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நாங்கள் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் என்னை முறைத்தார்.

மாமியார் மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள். மருமகளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"எம் மருமக மேலமேட்டுக்காரி. என்னான்றீங்க இப்ப?"

"மேலமேடா? அப்படி ஒரு ஊரு..."

"அரியலூருக்கு மேக்கால, மேட்டுல இருக்குற ஊரு மேலமேடு இல்லாம பள்ளமா? கண்ட எடத்துல பொண்ணெடுக்க எங்க வூடு என்ன அவ்ளோ எளப்பமாப் போச்சா? நான் அப்படித்தான் கூப்புடுறேன். தெருவக் கேளுங்க."

தெரு ஒரு கணம் திகைத்தது. பிறகு எதிர் வீட்டுக்காரி, "ஆமாங்க, மேலமேட்டுக்காரிதான். வந்த நாளா அப்படித்தான்" என்றாள். அயலான் வந்து கேட்டால் தெருவை விட்டுக்கொடுக்க முடியுமா?

"ஏய் மேலமேட்டுக்காரி, கொடத்த உள்ள வையி" என்றாள் மாமியார்.

அந்தப் பெண் அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒன்னத்தாண்டி!" என்று அதட்டிய பிறகுதான் உள்ளே ஓடினாள்.

மனிதர் முகத்தைப் படித்தே சர்வீஸ் பார்த்தவர் தலைவர். அவர் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. ஆனால் வாத்தியார் பக்கம் திரும்பி, "மேலமேடு. எழுதிக்கய்யா" என்றார். வண்டியில் வரும்போது மெல்லக் கேட்டேன்.

"சார், அந்தப் பொண்ணு கூப்ட ஒடனே..."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். தூங்கினாரா, தூங்குகிற மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

வாரியமும் அந்தப் பெயரையே ஒப்புக்கொண்டது. சேதி தெரிந்து அந்தக் கொத்தமல்லி அம்மாள் கடைக்கு வந்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"மேலமேடுன்னு யாரு வச்சது? எங்க ஊருல யாரும் இப்படிச் சொல்லலியே?"

"ஒன் சம்பந்தியம்மாதாம்மா."

"அவளா!" கூடையை இறக்கியே வைத்துவிட்டாள். "அண்ணே, வெளையாடாதீங்க. அவ வாயில நல்லது வராது. இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு."

எவ்வளவு சொல்லியும் நம்பாமல், மறு பஸ்ஸில் மகளைப் பார்க்கப் போனாள். அடுத்த சந்தைக்கு வந்தபோது நானே கேட்டேன்: "என்னம்மா, காதால கேட்டியா?"

"கேட்டேன். தெருவுல நின்னு, மேலமேட்டுக்காரி, மேலமேட்டுக்காரின்னு நாலு தடவ கூப்புடுறா. எம் பொண்ணும் ஓங்கி 'தோ வர்றேன்'ங்குறா."

"அப்பறம் என்ன?"

"கதவச் சாத்திட்டு என்னன்னு கூப்புடுறாளோ, அத யாரு கண்டா? பொண்ணக் கேட்டா சிரிக்குறா. என்கிட்டயே சொல்ல மாட்டேங்குறாளே, அண்ணே."