யூனியெர் விட்டுப்போன வீடியோ

ஒஸ்னியெலுக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அவன் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்தான் என்று அவன் அம்மா எனெய்தா, கைபாரியென் என்ற அந்தக் கடலோர ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரை அவள் மருமகள் என்றே கூப்பிடுவாள். மருமகள் எழுந்தாச்சா, மருமகளுக்கு இன்றைக்கு என்ன புதுச் சேலை என்று காலையில் காபியோடு வந்து கேட்பாள். பாதி பட்டாணி வறுத்துக் கலந்த காபி. அதைக் குடித்தபடியே அவன் திரையில் எதையாவது மாற்றிக்கொண்டிருப்பான்.

கேலி சும்மா வந்ததில்லை. வாரத்துக்கு ஒரு புதுத் திரைத் தோற்றம், அவன் பாஷையில் டெஸ்க்டாப், என்பது ஒஸ்னியெலின் கணக்கு. ஒரு வாரம் மெனுப் பட்டை கீழே இருக்கும், அடுத்த வாரம் பக்கவாட்டில். ஒரு வாரம் ஜன்னல்கள் கண்ணாடியாகத் தெரியும், இன்னொரு வாரம் எல்லாம் கறுப்பு. எங்கிருந்தாவது யாராவது லினக்ஸில் புதிதாக ஒன்று கொண்டுவந்தால் போதும், பழையதை வழித்துப் போட்டுவிட்டு அதை ஏற்றிவிடுவான். இணையத்தில் இறக்க நம்மால் ஆகுமா? மென்பொருள் கிடங்கு மொத்தத்தையும் ஒரு டிஸ்கில் அடைத்து, ஊர் ஊராகக் கைமாற்றிக்கொள்வார்கள் இவனைப் போன்ற பைத்தியங்கள். அவன் பெட்டியும் அப்படிச் சேர்ந்ததுதான். மதர்போர்டு மூடிப்போன ஓர் அலுவலகத்தின் குப்பையிலிருந்து வந்தது. பக்கவாட்டுத் தகடு கிடையாது, மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். மீன் பதப்படுத்தும் ஆலையில் கம்ப்யூட்டர் பார்ப்பது அவன் வேலை. அங்கே அவன் தொடும் பெட்டிகளைவிட வீட்டிலிருக்கும் இந்தப் பிணம் நன்றாக ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஒரே ஒரு குறை. மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. ஊரில் அது கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து யாராவது சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் உண்டு. அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய்த் திரும்பும்போதும் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரம் அந்த மதர்போர்டு பிறந்த வருஷத்தின் ஜனவரி முதல் தேதிக்கு ஓடிவிடும். இங்கே கரண்ட் எத்தனை முறை போகும் என்று யாரும் எண்ணுவதில்லை, எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான் பேசிக்கொள்வோம். ஒஸ்னியெல் வானொலியைக் கேட்டு நேரத்தைக் கையால் திருத்துவான். அலுப்பாக இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான்.

சனிக்கிழமைதான் அவனுக்குத் திருநாள். பார்பரோ என்பவன் சைக்கிளில் பொட்டலத்தைக் கொண்டுவருவான். பொட்டலம் என்றால் ஒரு ஹார்ட் டிஸ்க். அந்த வாரத்துப் படங்கள், தொடர்கள், கால்பந்து, எனெய்தா அழுதுகொண்டே பார்க்கும் கொரியக் கதைகள் எல்லாம் அதில் இருக்கும். கரண்ட் இருக்கும்போதே தன் டிஸ்கில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க வேண்டுமென்றால் போன வாரத்தை அழிக்க வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தால் கரண்ட் காத்திருக்குமா? அதற்காகவே அவன் ஒரு சின்ன நிரல் எழுதினான். பெருக்குமாறு என்று பேர் வைத்தான். சனிக்கிழமை காலையில் அது தானாக எழுந்து, அந்த டிஸ்கில் பத்து நாளைக்கு முந்தைய தேதி போட்டது எதுவாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

பார்பரோவுக்கு அது பிடிக்கவில்லை.

"கேக்காமயே அழிக்குமா? என் பொண்டாட்டிகூட என் பழைய செருப்பத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேப்பாப்பா."

"கேட்டா நான் யோசிப்பேன். யோசிச்சா எதையும் அழிக்க மாட்டேன்" என்றான் ஒஸ்னியெல்.

தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்றைக்கு அவன் சிரித்தான்.

அக்டோபரில் ஒரு பிற்பகல் தம்பி யூனியெர் வந்தான். முகத்தை மழித்திருந்தான். அதைப் பார்த்ததுமே ஒஸ்னியெலுக்குப் புரிந்துவிட்டது. ஊரை அடித்துப் போட்ட புயலுக்குப் பிறகு வேலையில்லாமல் தாடியும் மீசையுமாக அலைந்தவன் எதற்காக முகம் மழித்திருக்கிறான் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாதம் தெருவில் முகம் மழித்தவர்கள் எல்லாரும் திருட்டுப் படகில் கடல் தாண்டத்தான் போனார்கள்.

"அண்ணே, அண்ணிகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும். நீ வெளிய போ" என்றான் யூனியெர், கம்ப்யூட்டரைக் காட்டி.

கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. ஒஸ்னியெல் அவசர அவசரமாகக் கேமராவை மாட்டினான். அந்த வாரம் இரண்டு டெஸ்க்டாப்புகளை ஒன்றாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே இருந்த டிஸ்கில் இடமில்லை. பொட்டலத்தை வாங்கி வைக்கும் டிஸ்கில் இடமிருந்தது. அதில் பதியும்படி வைத்தான். மூலையில் கடிகாரம் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். தம்பி நிற்கிறானே என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம் யூனியெர் தணிந்த குரலில் பேசினான். ஒருமுறை சிரித்தான். பேசி முடித்ததும் வெளியே வந்து வாளித் தண்ணீரில் முகம் கழுவினான்.

"டிசம்பர்ல பர்ராந்தா திருவிழா வாணவேடிக்கை முடியறதுக்குள்ள நான் கூப்பிட்டேன்னா, அத யாரும் பாக்க வேணாம், அழிச்சிடு. கூப்பிடலேன்னா அம்மாவுக்குப் போட்டுக் காட்டு. நீ முன்னாடியே பாத்துடாத."

ஒஸ்னியெல் சரி என்றான். யூனியெர் அம்மாவிடமும் போய், அண்ணன் பெட்டியில் உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தலையில் முத்தமிட்டான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, கறுப்பு அவரை வெந்துகொண்டிருக்கிறது, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். இருந்து சாப்பிட்டான். இரண்டு நாள் கழித்து விடியும்போது சதுப்புக் காட்டுப் பக்கமிருந்து ஒரு படகு போனது. பழைய லாரி எஞ்சின் பூட்டிய படகு. யூனியெரோடு ஐந்து பேர். கீழ்வீட்டு ஒதாலிஸின் மகள் கிரெத்தெர் அதில் ஒருத்தி.

அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை.

முதல் வாரம் யாரும் பயப்படவில்லை. இரண்டாவது வாரம் ஒதாலிஸ் மாடியேறி வந்து, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் யாரையும் கேட்பதில்லை. படியில் எதிர்ப்பட்டால் கண்ணைப் பார்ப்பார்கள், அதிலேயே பதில் இருக்கும்.

ஒதாலிஸ் வந்து கேட்டுவிட்டுப் போன அன்றே, வீடியோ பதிந்து பத்து நாள் ஆவதற்குள், மனம் கேட்காமல், பார்க்க வேண்டாம், இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம் என்று ஒஸ்னியெல் டிஸ்கைத் திறந்தான். யூனியெர் என்று பேர் வைத்த ஃபோல்டர் இல்லை. வேறு எங்கோ வைத்துவிட்டோம் போல என்று தேடினான். பெயரைத் தட்டித் தேடினான். பிறகு கை தானாக நின்றது. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

தம்பி வீடியோ பதிந்த அன்று மாலையே அவன் நேரத்தைத் திருத்திவிட்டான். ஆனால் கடிகாரத்தைத் திருத்தினால் அதற்கு முன்னால் பதிந்த ஃபைலின் தேதி திருந்தாது. இது அவனுக்குத் தெரியாததல்ல, பத்துப் பேருக்கு விளக்கியிருக்கிறான். அந்த வீடியோ பதினைந்து வருஷத்துப் பழைய குப்பை என்ற முத்திரையோடு அந்த டிஸ்கில் கிடந்திருக்கிறது. வேறு டிஸ்குக்கு மாற்ற வேண்டும் என்று தினமும் நினைத்தான். பத்து நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டான். பெருக்குமாறு ஒரு நாளும் பொறுக்கவில்லை. வந்த முதல் சனிக்கிழமையே கூட்டித் தள்ளிவிட்டது. அதே காலையில், அந்த இடத்தின்மேல், அம்மா பார்க்கும் கொரியத் தொடரைத் தன் கையாலேயே ஏற்றியிருக்கிறான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். இவன் அம்மாவின் தலையிலும் சேர்த்துப் போட்டுவிட்டான்.

மீட்பதற்கு என்னென்ன வழி உண்டோ எல்லாம் செய்தான். டிஸ்கைக் கழற்றி வைத்தான். கரண்ட் வரும்போதெல்லாம் மாட்டித் தோண்டினான். பாதி தோண்டும்போது கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. புது டெஸ்க்டாப் எதையும் தொடவில்லை. திரை சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. கடைசியில் ஒரு துணுக்கு கிடைத்தது. படம் இல்லை. யூனியெர் தொண்டையைச் செருமுகிறான். "ஓடுதா இது?" என்கிறான். அவ்வளவுதான். ஒஸ்னியெல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். கேட்கக் கேட்க, அது அவனைப் பார்த்தே கேட்கும் கேள்வியாகிவிட்டது.

எனெய்தா இப்போது மருமகள் என்று சொல்வதில்லை. பெட்டியைத் தினமும் துடைத்தாள், ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடினாள். அதன் முன்னால் நாற்காலியை நகர்த்தும்போதுகூட மெதுவாக நகர்த்தினாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் ஆலையிலிருந்து வந்தவன், திரைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பதைப் பார்த்தான். எங்கள் ஊரில் அப்படித் தண்ணீர் வைப்பது யாருக்கு என்று குழந்தைக்கும் தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் வைப்பதில்லை.

அம்மா, இது எதற்கு என்று கேட்டான். சும்மாதான், காற்று வறண்டிருக்கிறது என்றாள். தம்ளரில் தண்ணீர் குறையக் குறைய ஊற்றிவந்தாள். அவன் அதைத் தொடவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். சொன்னால் அவளுக்கு மகன் ஒருமுறைக்கு இரண்டுமுறை போவான், இரண்டாவது முறை கொன்றவன் நான் என்று நினைப்பான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவான்.

டிசம்பரில் பர்ராந்தா வந்தது. இரண்டு பேட்டைக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாணம் விட்டார்கள். டீசலுக்கு வழியில்லை, ரொட்டிக்கு வழியில்லை, வாணத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வழி பிறந்துவிடும் எங்கள் ஊரில். எனெய்தா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் உதடு அசைந்தது.

மறுநாள் காலையில் தெருவில் வெடிமருந்து நாற்றம் போகவில்லை. கரண்ட் இருந்தது. அது இருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் வேண்டிய ஒஸ்னியெல், அன்றைக்கு அது போகாதா என்று வேண்டினான். எனெய்தா ஞாயிற்றுக்கிழமை போடும் நீல ரவிக்கையைப் போட்டிருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள். வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போடுடா. பாத்துடறேன்" என்றாள்.

ஒஸ்னியெல் சுவிட்சைப் போட்டான். திரை விழித்தது. அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். உண்மை வாய்வரை வந்தது. அந்தத் தம்ளரும் அந்த ரவிக்கையும் சேர்ந்து அதை உள்ளே தள்ளிவிட்டன.

"அம்மா, அத அழிச்சிட்டேன்" என்றான்.

அவள் திரும்பினாள்.

"அவந்தான் அழிக்கச் சொன்னான். கரை சேந்துட்டாம்மா. நேத்து சேதி வந்துச்சு."

சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே அது நிஜம்போல் இருந்தது. யார் சொன்னார்கள், எங்கே இருக்கிறான், ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் வரிசையாக வந்தது. போன் கடலில் விழுந்துவிட்டது. கரையில் பிடித்து ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள். அங்கே காவலுக்கு இருக்கும் ஒருவன் தன் போனிலிருந்து எழுதினான். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை என்பது சும்மா சொன்னதில்லை. எனெய்தா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை என்று நினைத்தான். அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, கால் மரத்துப்போனவர்கள் எழுந்து நிற்பதைப்போல.

பிறகு அவள் அழுதாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். படுபாவி, நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று முதுகில் அடித்தாள். தம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, தண்ணீரைத் தெருவில் வீசி எறிந்தாள். யாருக்கென்று வைத்தாளோ அவன் இனி அதைக் குடிக்க வேண்டியதில்லை. கீழே வாணக் குச்சிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சேந்துட்டான். எம்புள்ள சேந்துட்டான்" என்று எனெய்தா கூவினாள்.

அந்த நொடிவரைக்கும் ஒஸ்னியெல் அதை யோசிக்கவே இல்லை. தன் அம்மா, தன் தம்பி, தன் தப்பு, இது மூன்றுதான் அவன் உலகத்தில் இருந்தது. படகில் மற்ற ஐந்து பேர் இருந்தது, கீழே யாரோ கையிலிருந்து துடைப்பம் விழுந்த சத்தத்தில்தான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆளின் காலடி இல்லை. முதலில் ஒதாலிஸ் வந்தாள், மாவு பூசிய கையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. அவளுக்குப் பின்னால் படி நிறைய ஆட்கள் நின்றார்கள். எனெய்தா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆடியபடி நின்றார்கள். பிறகு ஒதாலிஸ் தன்னை விடுவித்துக்கொண்டு ஒஸ்னியெலைப் பார்த்தாள்.

"தம்பி, எம்பொண்ணு பக்கத்துல இருக்காளா? அவளப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?"

"சொல்லுடா, அவளுக்கும் சொல்லு" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஒஸ்னியெல் மேஜையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"கிரெத்தெர் நல்லா இருக்காக்கா" என்றான்.

ஒதாலிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சுற்றிக்கொண்டு, படியில் நின்றிருந்த, படகில் போன இன்னொரு பையனின் வயதான அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.